மாமியா வர்றா

உக்காருங்கப்பா, உக்காருங்க. யாரு அது வாசல்ல நின்னுக்கிட்டே பேசுறது, சின்னப்புள்ள அத்தையா? உள்ள வந்து உக்காந்து பேசு அத்தை. இல்ல, பேசாம உக்காரு. அதான் ஒனக்கு முடியாத காரியம். பேச்ச நிறுத்துங்க எல்லாரும். காத்தாடியப் போட்டா ரெக்கார்டு கேக்காதுன்னு நாந்தான் அமத்தி வச்சிருக்கேன். வேர்த்தா வேர்க்கட்டும். சமுதாயக்கூடத்துல உக்காந்து வேர்த்ததுல ஒருத்தரும் போய்ச் சேர்ந்ததில்ல.

மேடம் இப்பத்தான் போன் பண்ணுனாக. ரயில்வே கேட்டுக்கிட்ட வண்டி பஞ்சராம். அரை மணி நேரம் ஆகுமாம். "மாயழகு சார், எல்லாரையும் உக்கார மட்டும் வைங்க. முன்கூட்டி ஒண்ணும் சொல்லிராதீங்க." பாத்தீகளா, அப்படியே ஜெபராணி மேடம் பேசுற மாதிரியே இருக்குல்ல? மூக்குல பாதி, வாயில பாதி. சார்ங்கிறது மட்டும் பூராம் மூக்கு.

நான் என்ன சொல்லப் போறேன். நான் ஒண்ணும் சொல்லல. சும்மா பேசிக்கிட்டு இருக்கப் போறேன். அது வேற, இது வேற.

வாத்துக்காரண்ணே, நீங்க என்ன மூலையில ஒக்காந்துட்டீக. முன்னாடி வாங்க. ஒங்களுக்காகத்தான் இன்னைக்கு முக்கியமா. இவுக பூராம் உள்ளூரு. நீங்கதான் வெளியூரு, ஆத்துக்குள்ள கூடாரத்தப் போட்டுக்கிட்டு ஆயிரம் வாத்தோட கெடக்குறவரு. ஆயிரத்தி எரநூறா? சரி, இந்தக் கூட்டத்தவிட ஒங்க கூட்டம் பெருசு. அதுவும் இவுக அளவுக்குக் கத்தாது.

எம்பேரு மாயழகு. மைக்கு மாயழகுன்னா இந்தக் கரையில பத்து ஊருக்குத் தெரியும். ஆட்டோவுல மேல ரெண்டு குழாயக் கட்டிக்கிட்டுப் போவேன். காணாமப் போன மாடு, கோழிக்கு ஊசி, ரேசன்ல பருப்பு, கோயில் கொடை, எழவு சேதி, எல்லாம் நாந்தான். படிப்பு மூணாப்பு. அதுவும் வாத்தியார் மாதிரிப் பேசிக் காட்டுனதுல நின்னு போச்சு. அவரு மாதிரி நான் பேசுனது அவருக்குப் புடிக்கல. மத்த எல்லாருக்கும் புடிச்சுச்சு.

மதினி. நீங்களும் வந்துட்டீகளா. ஒங்கள நான் கூப்பிடலையே. இல்ல இல்ல, வந்தா நல்லதுதான். அந்தத் தூணுக்கிட்ட உக்காருங்க, சன்னல் காத்து வரும்.

அவுக எங்க வீராயி மதினி, வாத்துக்காரண்ணே. எம் பெரியப்பா மகன் சோணமுத்து அண்ணனோட சம்சாரம். பேச மாட்டாக. சுபாவமே அப்படி.

என்ன கேட்டீக? என்ன கூட்டம்னா? அதச் சொல்றேன். இது வந்து, பரிசோதனை. அத்தை, கையச் சுருட்டாத, ஊசி இல்ல. ஆத்துல அணையத் தொறந்து விடுறதுக்கு முன்னாடி நமக்குச் சேதி சொல்லணும்ல. அந்தச் சேதிய மொதல்ல நம்மகிட்டப் போட்டுக் காட்டி, வெளங்குச்சா, என்ன வெளங்குச்சு, கேட்டா என்ன செய்வேன்னு கேப்பாக. தையக்காரன் ஒட்டுத் தையல் போட்டு ஒரு தடவ மாட்டிப் பாக்கச் சொல்லுவான்ல, அந்த மாதிரி. அக்குள்ல புடிக்குது, கழுத்து எறங்குதுன்னு நம்ம சொன்னா அவன் பிரிச்சுத் தைப்பான். சொல்லலேன்னா அப்படியே தச்சுருவான். அம்புட்டுத்தான் இந்தப் பரிசோதனை.

போன வருசமும் இதே கூடம்தான். இதே சமுக்காளம்தான். அங்க பாருங்க, காப்பி கொட்டுன கறை, அது எங்க பரிசோதனைல கொட்டுனது.

அணை ஆபீசுல இருந்து இந்த மேடம் வேலை பாக்குற டிரஸ்ட்டுக்குச் சொல்லியிருக்காக, ஜனங்களுக்கு வெளங்குற மாதிரி ஒரு எச்சரிக்கை செய்யுங்கன்னு. மேடம் என்னையத் தேடி வந்தாக. கையில ஒரு தாளு. நமக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கிறதுக்குள்ள தண்ணி கடலுக்குப் போயிரும், அதனால அவுகளே வாசிச்சாக. உபரி நீர், வினாடிக்கு இத்தன கன அடி, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குன்னு ஒரே நீட்டு. நான் கேட்டுட்டு, மேடம், இதப் போட்டா ஆடு கூடக் காத ஆட்டாதுன்னேன். நீங்க எங்கிட்ட விடுங்க. நான் பேசுறேன்.

டவுன்ல ஒரு ரூம்பு. செவுரு பூராம் முட்டை அட்டைய ஒட்டி வச்சிருக்காய்ங்க. உள்ள போனா நம்ம மூச்சு நமக்கே கேக்குது. அதுல நின்னு பேசுனதுதான் 'மாமியா வர்றா'.

எப்படின்னா, ஆத்துத் தண்ணிதான் மாமியா. சொல்லாம கொள்ளாம வருவால்ல. புருசனும் பொண்டாட்டியும் ஆத்துக்குள்ள புல்லு அறுக்குறாக. பொண்டாட்டி கத்துவா, ஏங்க மாமியா வர்றாளாம், மாமியா வர்றாளாம்னு. புருசன், எந்த பஸ்ஸுலம்பான். பஸ்ஸு இல்லங்க, அணையில இருந்து வர்றா, வந்தா வீட்டுல ஒண்ணு விட மாட்டா, சட்டி பானை பூராம் தூக்கிருவாம்பா. அவன், நல்லது போகட்டும் அந்தச் சட்டியில ஒழுங்காவா சமைச்சம்பான். இப்படியே போகும். கடைசியில ஒரு ஆடு பேசும். மே... நான் கரையில நிக்கிறேன், நீ எங்க நிக்கிறன்னு கேக்கும். அது முடிஞ்சதும் எங்குரல்ல, ஆத்துக்குள்ள இருக்கிறவுக ஒடனே கரை ஏறுங்கன்னு வரும். ரெண்டு நிமிசத்துக்குப் பத்து செகண்டு கம்மி.

சிரிக்கிறீகல்ல. பாருங்க, சும்மா சொன்னதுக்கே சிரிப்பு வருது. ரெக்கார்டக் கேக்கணும் நீங்க.

சரி, பரிசோதனைக்கு வருவோம். மேடம் என்ன சொன்னாக, ஆத்துக்குள்ள எறங்கி வேலை பாக்குறவுகளாப் பாத்து ஒரு பன்னெண்டு பேரக் கூட்டிட்டு வாங்க சார், எதுவும் சொல்லிக் குடுக்காதீங்கன்னாக. நான் பன்னெண்டு பேரச் சேத்தேன். எல்லாம் சொல்லிக் குடுத்தேன்.

பின்ன? ஊரு மானம் இருக்குல்ல. நம்ம பக்கத்து ஊருல ஒரு தடவ கை கழுவுறதப் பத்திப் படம் போட்டுக் காட்டி, என்ன வெளங்குச்சுன்னு கேட்டதுக்கு ஒரு ஆளு வாயத் தொறக்கல. பூராம் முழிச்சிருக்காக. அன்னையில இருந்து அந்த ஊருக்குப் பேரே முழிச்சாம்பட்டி. பொண்ணு கேட்டுப் போனாக் கூட, எந்த ஊரு, முழிச்சாம்பட்டியாங்கிறாய்ங்க. நம்ம ஊருக்கு அந்தக் கதி வரலாமா? அதான் மொத நாளே எல்லாரையும் பம்புசெட்டுக்கிட்ட உக்கார வச்சு ரெக்கார்டப் போட்டுக் காட்டி, வெளங்குச்சான்னு கேட்டா வெளங்குச்சுன்னு சொல்லணும், என்ன செய்வீகன்னு கேட்டா கரை ஏறுவோம்னு சொல்லணும்னு பழக்கி வச்சேன். சின்னப்புள்ள அத்தைக்கு மட்டும் நாலு தடவ. அது ஒவ்வொரு தடவையும், கரை ஏறி வீட்டுக்குப் போயி ஒலை வைப்பேன்னு சேத்துச் சேத்துச் சொல்லுது. ஒலைய விடு அத்தைன்னேன்.

மறுநாளு மேடம் வந்தாக. ரெக்கார்டப் போட்டாக. நேத்துக் கேட்டதுதான், இருந்தாலும் எல்லாரும் இன்னைக்குத்தான் கேக்குற மாதிரிச் சிரிச்சாய்ங்க பாருங்க, அங்கதான் நம்ம ஊரு. நடிப்பு ரத்தத்துல இருக்கு. மேடம் ஒவ்வொருத்தராக் கேட்டாக. ஒவ்வொருத்தரும் கரை ஏறுவோம், கரை ஏறுவோம். பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்ற மாதிரி. மேடம் மொகத்துல ஒரு சந்தோசம். எழுதிக்கிட்டே இருக்காக.

எல்லாம் முடிஞ்சு நோட்ட மூடப் போற நேரத்துல, இதுல எதாச்சும் புடிக்கலையா, எதாச்சும் மாத்தணுமான்னு ஒரு கேள்வி கேட்டாக. அத நான் பழக்கல. அந்தக் கேள்வி வரும்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் என்னையப் பாக்குறாய்ங்க. அப்ப இந்த மதினி, இதே தூணுக்கிட்ட உக்காந்திருந்தவுக, மெதுவா வாயத் தொறந்தாக.

"ஆத்துக்குள்ள நிக்கிற ஆளுக்கு மொத வார்த்தையே ஏறுன்னு வரணும். இதுல ஏறுங்கிறது கடைசியில வருது."

அம்புட்டுத்தான் சொன்னாக. மதினிக்குப் பேச்சு இழுத்து வரும். மெதுவா, மாட்டு வண்டி மேடு ஏறுற மாதிரி. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மொ...த வார்த்தையே... ஏ...று..." அப்படின்னு அவுக மாதிரியே, கழுத்தக் கூட அவுக மாதிரியே ஒரு பக்கமாச் சாச்சு, பேசிக் காட்டுனேன். கூடமே அதிருது. அதுக்கு மேல ஒண்ணு போட்டேன், மேடம், எங்க மதினி பந்தியில ஒக்காந்தா மோர்ல இருந்து ஆரம்பிப்பாக, அப்புறம் ரசம், கடைசியாத்தான் சாம்பாருன்னு. சோணமுத்து அண்ணன் வகுத்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவருக்கு.

தப்பா? மதினியக் கேலி பண்றது மொறதானய்யா. பண்ணலேன்னாத்தான் கோவிச்சுக்குவாக. கல்யாணமாகி அவுக வந்த அன்னைக்கே பால் பழம் குடுக்கும்போது அவுக மாதிரித் தும்மிக் காட்டுனவன் நானு. அன்னையில இருந்து பண்றேன்.

மேடம் மட்டும் சிரிக்கல. அவுகளுக்கு நம்ம பக்கத்து மொற தெரியாதுல்ல. அம்மா, என்ன சொன்னீங்க, இன்னொரு தடவ சொல்லுங்கன்னாக. மதினி சேலைத் தலப்ப வாயில வச்சுக்கிட்டுக் கீழ பாத்து, ஒண்ணுமில்லன்னுட்டாக. மேடமும் ஒண்ணுமில்லன்னு எழுதிக்கிட்டாக. அப்புறம் காப்பி வந்துச்சு. அந்தக் கறை அப்பக் கொட்டுனதுதான்.

அப்படியே முடிவாகிப் போச்சு. ஒரு எழுத்து மாத்தல. 'மாமியா வர்றா'தான் பதினோரு ஊருக்கும். பென்டிரைவுல போட்டு எங்கையில குடுத்து, சார், நெசமாத் தண்ணி தொறக்கும்போது மட்டும்தான் போடணும், மத்த நேரம் போடக்கூடாதுன்னு சொன்னாக. சரின்னேன்.

ஆனா ஜனங்க விட்டாத்தான? பரிசோதனைக்கு வந்தவுக பூராம் வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லிட்டாக. மாமியா வர்றாவப் போடு, மாமியா வர்றாவப் போடுன்னு ஒரே ரோதனை. மொதல்ல ஒரு காதுகுத்துல போட்டேன். புள்ள அழுதுக்கிட்டிருக்கு, ஆடு கத்தவும் அழுகைய நிறுத்திருச்சு. அப்புறம் ஒரு கல்யாண வீட்டுல, பொண்ணோட மாமியா மண்டபத்துக்குள்ள நுழையும்போது சரியாப் போடச் சொல்லிட்டாய்ங்க. அந்தம்மா கூடச் சிரிச்சுருச்சு. அப்புறம் ஆவணியில கோயில் கொடை. மூணு நாளும் போட்டேன். பென்டிரைவுக்கு என்ன தெரியும், இது காதுகுத்தா தண்ணியான்னு. பெரிய ஆளுக கூட ஆடு கத்துற எடம் வந்தாச் சேந்து கத்துவாக. சோணமுத்து அண்ணனுக்கு அந்த ஆடு எடம்னா உசுரு. ரோட்டுல எங்க பாத்தாலும் மாயழகு, நான் கரையில நிக்கிறேன்னு கத்துவாரு. அவரு கத்துறது எப்படி இருக்கும்னா...

எப்படி இருக்கும்னா... இந்தா, தொண்டையில இருந்து எடுப்பாரு, அப்புறம்...

சரி விடுங்க. அது வரல. வர மாட்டேங்குது. மத்தவுக பூராம் வரும். மேடம் வரும், கலெக்டர் ஆபீஸ் டவாலி வரும், இந்த அத்தை வரும், எருமை வரும். அவரு மட்டும் வாயத் தொறந்தா காத்துதான் வருது. தொண்டைக்கட்டா இருக்கும். ஒரு வருசமா இருக்கு.

என்னண்ணே கேட்டீக? அவரு இப்ப எங்கன்னா? சொல்றேன், சொல்றேன். அதுக்குத்தான வர்றேன்.

ஐப்பசி மாசம். காலையில பத்து மணி இருக்கும். நல்ல வெயிலு. இங்க மழையே இல்ல, மேற்கத்தான் மழை. அணை ஆபீசுல இருந்து போனு, தொறந்தாச்சு, ஒரு மணி நேரத்துல ஒங்க எடத்துக்கு வந்துரும், போடுங்கன்னு. நான் ஒடனே ஆட்டோவ எடுத்துட்டேன். ஒரு நிமிசம் தாமசம் பண்ணல. அத எல்லாருமே ஒத்துக்குவாக. கரை ரோட்டுல ஏத்தி, பென்டிரைவச் சொருகி, சவுண்டப் பூராம் வச்சு, மெதுவா உருட்டிக்கிட்டுப் போறேன். மேல இருக்கிற ஊருகளுக்குச் சொல்லிட்டு நம்ம ஊருக்கிட்ட வரும்போது முக்கா மணி நேரம் போயிருச்சு.

ஆத்துக்குள்ள ஒரு ஏழெட்டுப் பேரு. இங்குட்டு நாலு பொம்பளைக வெள்ளரிக் கொடிக்குத் தண்ணி ஊத்துறாக. அங்குட்டு ரெண்டு பேரு மணலு சலிக்கிறாய்ங்க. நடுத்திட்டுல நாணலுக்குள்ள சோணமுத்து அண்ணன் மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டிருக்காரு. ஏங்க மாமியா வர்றாளாம்னு குழாயில கேட்டதும் எல்லாரும் நிமுந்தாக. நிமுந்து சிரிச்சாக. ஒரு பொம்பளை கொடத்த எறக்கி வச்சிட்டு இடுப்புல கைய வச்சு நின்னு கேக்குறா. மணலு சலிக்கிறவன், யார் வீட்டு விசேசம்டான்னு கத்துறான். அண்ணன் அருவாள மேல தூக்கி ஆட்டுனாரு. ஆடு எடம் வந்துச்சு. அவரும் கத்துனாரு. காத்துல நல்லாக் கேட்டுச்சு.

நான் கையக் காட்டுனேன்.

அவரு கையக் காட்டுனா நானும் காட்டுவேன்ல. அண்ணன்ல.

மைக்கு கையிலதான் இருந்துச்சு. நீங்க கேக்குறது வெளங்குது. மைக்கு இருந்துச்சுல்ல, அத எடுத்து அண்ணே ஏறுண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லன்னு. போலீஸ்காரரும் அதத்தான் கேட்டாரு. ஆனா ரெக்கார்டு ஓடுதுல்ல. ரெக்கார்டு ஓடும்போது குறுக்க பேசப்படாதுன்னு அந்த முட்டை அட்டை ரூம்புல மேடம் சொல்லியிருந்தாக. அதுவும் போக, கடைசியில ஏறுங்கன்னு எங்குரல்லயே வருதே. நான் எதுக்கு ரெண்டு தடவ சொல்லணும்?

அந்தக் கடைசிய யாரும் கேக்கல. ஆடு கத்துனதும் சிரிச்சுட்டு எல்லாரும் குனிஞ்சுட்டாக. எப்பவும் அப்படித்தான், கல்யாண வீட்டுலயும் ஆடு முடிஞ்சதும் பேச ஆரம்பிச்சுருவாய்ங்க, கடைசி வரி யாருக்கும் தெரியாது. நான் வண்டியத் திருப்பி ரெண்டாவது தடவ போட்டேன். மூணாவது தடவ ஓடும்போதுதான் காத்து வந்துச்சு. தண்ணிக்கு முன்னாடி ஒரு காத்து வரும், வாத்துக்காரண்ணே. ஈர மண்ணு வாடையோட. அது வந்துருச்சுன்னா அப்புறம் நேரமில்ல. வெள்ளரிப் பொம்பளைக கொடத்த விட்டுட்டு ஏறிட்டாக. மணலுக்காரய்ங்க ஏறிட்டாய்ங்க. கரையோரத்துல இருந்தவுக, ஏறிட்டாக. நடுத்திட்டுல இருந்து கரைக்கு எரநூறு முந்நூறு அடி இருக்கும். அண்ணன் பாதி வந்தாரு. புல்லுக்கட்ட மொதல்ல விடல. அப்புறம் விட்டாரு.

குழாயில அந்த நேரம் ஆடு கத்துது. நான் கரையில நிக்கிறேன், நீ எங்க நிக்கிறன்னு. அத அமத்தணும்னு எனக்குத் தோணல. கை போகல. மூணாவது தடவ முடிஞ்சு நாலாவது தடவையும் ஓடுச்சு. எல்லாரும் கரையில நின்னு கத்துறாக, அழுகுறாக, அதுக்குள்ள இதுவும் ஓடுது. யாரோ வந்துதான் அமத்துனாய்ங்க.

ரெண்டு நாளு கழிச்சுக் கெழக்க தடுப்பணை ஷட்டர்ல கெடச்சாரு. எழவு சேதி நாந்தான் சொன்னேன். வேற யாரு சொல்லுவா, இந்தக் கரையில எல்லா எழவும் நாந்தான் சொல்றது. அதே ஆட்டோ, அதே குழாய். சோணமுத்து அவர்கள் இயற்கை எய்திவிட்டார், அன்னாரின் இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணியளவில்னு எப்பவும் சொல்றபடியே சொன்னேன். வாய் தன்னால சொல்லிருச்சு. நாலு தெரு சொன்னேன். அஞ்சாவது தெரு எங்க தெரு. அங்கயும் சொன்னேன்.

அழுகை வரல. இன்னைக்கு வரைக்கும் வரல. அதுக்காக எனக்கு ஒண்ணுன்னு இல்ல, நல்லாத்தான் இருக்கேன். சாப்புடுறேன், தூங்குறேன். கோழிக்கொழம்பு ஊத்துனாலும் வெறும் தண்ணிய ஊத்துன மாதிரித்தான் இருக்கு, ஆனா சாப்புடுறேன். எல்லாரையும் சிரிக்க வைக்கிறேன். இப்பக் கூடச் சிரிச்சீகல்ல. நீங்க சிரிக்கிறது எனக்குக் கண்ணாடிக்கு அங்குட்டு நடக்குற மாதிரித் தெரியும், அம்புட்டுத்தான். வேற ஒண்ணுமில்ல.

ஊருல யாரும் என்னைய ஒரு வார்த்தை கேக்கல. அதச் சொல்லணும். நல்ல ஜனம். மதினியும் ஒரு வார்த்தை கேக்கல. காரியத்தன்னைக்கு நான் போயி முன்னாடி நின்னேன். அவுக என்னையப் பாத்தாக, அப்புறம் எலை போடப் போயிட்டாக. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு, அவுகளுக்கு எம்மேல கோவம் ஒண்ணுமில்லன்னு. இருந்தா சொல்லியிருப்பாகல்ல?

மேடம்தான் கேட்டாக. எல்லாத்தையும் கேட்டாக. நானும் மறைக்கல. பம்புசெட்டு, காதுகுத்து, கோயில் கொடை, எல்லாத்தையும் சொன்னேன். அவுக நோட்டத் தொறந்து வச்சுக்கிட்டு ஒண்ணுமே எழுதாம உக்காந்திருந்தாக. நான் கூட, மேடம் பேனா தீந்துருச்சான்னு கேட்டேன். அன்னைக்கு எந்திரிச்சுப் போனவுகதான், ஒரு வருசம் கழிச்சு இன்னைக்கு வர்றாக.

இப்ப விசயத்துக்கு வாங்க. இப்பப் புதுசா ஒண்ணு செஞ்சிருக்காக. நேத்துப் போன்ல எனக்குக் கொஞ்சம் போட்டுக் காட்டுனாக. எங்குரலு இல்ல. எடுத்துட்டாக. ஒங்க குரலக் கேட்டா ஜனங்க சிரிக்கிறாங்க சார், அதனால வேணாம்னு சொல்றாக. கேளுங்க இத. இருபத்தி ரெண்டு வருசமா இந்தக் கரைக்கு நாந்தான் குரலு. யாரு செத்தாலும் யாரு பொறந்தாலும் இந்தத் தொண்டைதான். அத எடுத்துட்டு யாரோ ஒரு பொம்பளைப் புள்ள, ஊரு தெரியாது பேரு தெரியாது, அதப் பேச வச்சிருக்காக.

அந்தப் புள்ள என்ன பேசுது தெரியுமா? மொதல்ல ஒரு சங்கு ஊதுது, மில்லுச் சங்கு மாதிரி. அப்புறம், ஏறுங்க. ஏறுங்க. தண்ணி வருது. அம்புட்டுத்தான். திரும்ப சங்கு. திரும்ப ஏறுங்க. இது ஒரு பேச்சா? எடுத்த எடுப்புல ஏறுங்கன்னா யாரு ஏறுறது, எதுக்கு ஏறுறது? ஒரு வணக்கம் இல்ல, அன்பான பொதுமக்களேன்னு இல்ல. உப்பு இல்ல, புளி இல்ல. மோர்ல இருந்து ஆரம்பிக்கிற மாதிரி இருக்கு.

ஆங்? யாரோ என்னமோ சொன்னீக? ஒண்ணுமில்லையா. சரி.

அதனால நல்லாக் கேட்டுக்கங்க. இன்னைக்கு இவுக முடிவு பண்ணிட்டா பண்ணுனதுதான். நாளையில இருந்து பதினோரு ஊருக்கும் சங்குதான். மேடம் வந்து ரெக்கார்டப் போடுவாக. போட்டுட்டு வெளங்குச்சான்னு கேப்பாக. எல்லாரும் வெளங்கலன்னு சொல்லணும். சின்னப்புள்ள அத்தை, எங்க சொல்லு பாப்பம். வெளங்கல. அம்புட்டுத்தான். ஒலை கிலைன்னு இழுக்காத. அப்புறம் என்ன மாத்தணும்னு கேப்பாக. இந்தத் தடவ அந்தக் கேள்விக்கும் பழக்கிருவோம். மாயழகு குரலு வேணும்னு சொல்லணும். ஒண்ணு போல சொல்லக்கூடாது, ஆளுக்கு ஒரு மாதிரி மாத்திச் சொல்லணும், இல்லேன்னா கண்டுபுடிச்சிருவாக. வாத்துக்காரண்ணே, ஒங்களத்தான் ரொம்பக் கேப்பாக, நீங்கதான் ஆத்துக்குள்ளயே குடியிருக்கீக. நீங்க, சங்கு ஊதுனா வாத்து மெரளும்னு சொல்லுங்க. அது நல்ல பாயிண்டு. அதுக்கு மேடத்துக்கிட்டப் பதிலே இருக்காது.

என்னண்ணே அப்படிப் பாக்குறீக? வாத்து மெரளாதா? மெரண்டாத்தான் கரைக்கு ஓடுமா? அது சரி, அத அவுககிட்டச் சொல்ல வேணாம்.

நான் என்ன, வேலைக்காகவா கேக்குறேன். அந்த மைக்குல பேசுற நேரம் மட்டும்தான் நான் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியுது. அம்புட்டுத்தான். அதையும் எடுத்துட்டா எப்படி?

இந்தா, வண்டி சத்தம். வந்துட்டாக. சமுக்காளத்த நேரா இழுங்க. எல்லாரும் ஒண்ணும் தெரியாத மாதிரி மொகத்த வச்சுக்கங்க. அத்தை, நீ எப்பவும் போல இரு, அதுவே போதும். மதினி, ஒங்களுக்கு ஒண்ணும் செரமம் இல்ல. நீங்க போன தடவ சொன்ன மாதிரியே ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லுங்க.

என்ன மதினி? ஏய், சத்தம் போடாதீகப்பா, மதினி என்னமோ சொல்றாக. எந்திரிச்சு நிக்கிறாக பாருங்க. சொல்லுங்க மதினி, சத்தமாச் சொல்லுங்க.

"கொழுந்தனாரே, அன்னைக்கு இந்தக் கூடத்துல என்னைய மாதிரி ஏறுன்னு பேசிக் காட்டுனீக. அதையே ஆத்தங்கரையில மைக்குல பேசிக் காட்டியிருந்தா அவரு ஏறியிருப்பாரு."